நோயும் சபையும்

தாய்லாந்துக்குப் போன புதிதில் யூஜின் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை 'சபாய்'. சாராபுரி என்கிற ஊரில் ஒரு நூற்பாலை, அதில் அவன் மின்சார வேலை பார்க்கிறவன். ஆலைக்கு எதிர்ச்சந்தில் ஒரு நூடுல்ஸ் கடை, கடைக்கு மேல் மாடியில் அவன் அறை. காலையில் படியிறங்கி வந்தால் கடைக்காரம்மா கொதிக்கிற அண்டாவுக்குப் பின்னாலிருந்து "சபாய் தீ மாய்?" என்று கேட்பார். சுகமா என்று அர்த்தம். சுகம் என்றால் "சபாய்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். மனதும் குளிர்ந்திருந்தால் "சபாய் ஜை" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிகம் பேசப் பிடிக்காத ஒருவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு யூஜின் அங்கே பல வருஷங்களை ஓட்டிவிட்டான்.

கடைக்கும் மாடிக்கும் சொந்தக்காரரான அந்தக் கடைக்காரம்மாவின் பெயர் நோய். அவர்கள் பாஷையில் சின்னது என்று பொருள். ஆள் ஒன்றும் சின்னவரில்லை. மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் அங்கே 'பா' சேர்க்க வேண்டும், நாம் பெரியம்மா என்கிற மாதிரி. ஆகவே அவர் பா நோய். இரவு ஷிப்டு முடிந்து அவன் வரும்போது அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய குழம்பு ஒன்று, சோறு ஒன்று. யார் வைத்தது என்று அவன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த ஊரில் வெள்ளைக்காரனுக்கும் கொய்யாப்பழத்துக்கும் ஒரே பெயர், 'ஃபரங்'. பரங்கிக்காய் தின்று வளர்ந்த புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் யூஜினை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நம் நிறத்து ஆட்களுக்கு அங்கே வேறு பெயர், 'கேக்'. சந்தையில் மீன்காரி, "கேக்குக்கு ரெண்டு துண்டு வெட்டு" என்பாள். அதற்கு விருந்தாளி என்றும் அர்த்தம் உண்டு என்று ஆலையில் ஒருவர் சொன்னார். ஏழு வருஷம் வாடகை கொடுத்தும் விருந்தாளிதானா என்று யூஜினுக்குத் தோன்றும். கோபம் வராது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பற்றி யோசிப்பான், அவ்வளவுதான்.

இந்த முறை அவன் விடுமுறையில் சொந்த ஊரான உறுவையாற்றுக்கு வந்ததற்கு ஒரே காரணம், தங்கை ரோஸ்லினின் குழந்தை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ரோஸ்லின் போனில் சொல்லியிருந்தாள்: "ண்ணே, எம்புள்ளைக்கு நீதான் ஞானத் தகப்பனா நிக்கணும். நீ வர்ற வரைக்கும் ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன். வேற யாரும் வாணாம்." அவள் புருஷன் வீட்டில் வேறு ஆள் இருந்தது. கொழுந்தன் கிளாட்சன், அந்த இடத்துக்காக ஏற்கெனவே சட்டை தைத்து வைத்திருந்தான்.

சொந்த வீட்டிலும் அவனை விருந்தாளி மாதிரிதான் வைத்திருந்தார்கள். நல்ல பிளாஸ்டிக் நாற்காலி அவனுக்கு. ஷோகேசிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளர் அவனுக்கு. தண்ணீர் மோட்டார் போடப் போனால், "நீ உக்காருடா, ரெண்டு நாளு இருந்துட்டுப் போறவன்" என்று அம்மா வெரோனிகா தடுத்துவிடுவாள். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் நிற்கிறவனை யாரும் விருந்தாளி என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்காக அவன் காத்திருந்தான். இதை யாரிடமும் அவன் சொல்லவில்லை, வழக்கம்போல.

வில்லங்கம் கழுத்திலிருந்து ஆரம்பித்தது.

"செயின் எங்கடா?" என்றாள் வெரோனிகா, சோறு போட்டுக்கொண்டே. சிறு வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது அவன் அப்பா போட்டுவிட்ட, சிலுவை கோத்த தங்கச் சங்கிலி.

கொக்கி விட்டுப் போயிருந்தது. சரி செய்யச் சொல்லி பா நோயிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வீட்டுக்காரம்மா என்று சொல்லியிருக்கலாம், அப்படித்தான் போனில் சொல்வான். ஆனால் வாயில் சோறு இருந்தது. சின்ன வார்த்தை இருக்கும்போது பெரிய வார்த்தையைத் தேடுகிறவனும் இல்லை.

"நோய்க்குக் குடுத்துட்டேன்."

வெரோனிகாவின் கரண்டி நின்றது. "நோய்க்கா?"

"ம்."

"இன்னா நோய்டா? சொல்லவேயில்லயே நீ."

அவன் காதில் விழுந்தது 'இன்னா நோய்டா' இல்லை, வெறும் 'நோய்'. "அதெல்லாம் பயப்படாத. நல்லா பாத்துக்கும்" என்றான்.

அன்று மாலை அவள் இன்னொன்றையும் கவனித்தாள். ஆலையில் கொடுக்கும் வெள்ளைச் சட்டைகளைத்தான் அவன் மடித்துக் கொண்டுவந்திருந்தான். தினம் வெள்ளை. ரோஸ்லினின் புருஷன் வாங்கிவந்த பாட்டிலைத் தொடவில்லை. வயிற்றுப் புண், டாக்டர் கூடாது என்றுவிட்டார். "வுட்டுட்டேன், மாப்ள" என்றான், காரணம் சொல்லாமல். சாராபுரி என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்து அதைச் 'சாராயபுரி' என்றே சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வெரோனிகாவுக்கு, அங்கே போய் ஒருவன் குடியை விட்டிருக்கிறான் என்பது குடித்ததைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். இரவு ஷிப்டுப் பழக்கம், அந்த நேரத்தில் தூக்கமும் வராது, விழிப்பும் வராது. போன் அடித்தது. துணி காயப்போட வாளியோடு படியேறிய வெரோனிகா, தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"பா நோய்... சபாய், சபாய். சபாய் ஜை."

'சபாய்' என்பதில் வரும் 'பா'வைத் தாய்லாந்துக்காரர்கள் கொஞ்சம் நீட்டுவார்கள். உறுவையாற்றுக் காதுக்கு அந்த நீளம் எட்டவில்லை. நோய். சபை, சபை. சபை ஜே.

வெரோனிகா வந்த சுவடு தெரியாமல் படியிறங்கினாள். எல்லாம் வரிசையாகப் பொருந்திவிட்டது. மகனுக்குச் சீக்கு வந்திருக்கிறது. சங்கிலியை விற்று வைத்தியம் பார்த்திருக்கிறான். சரியாகவில்லை. யாரோ பெந்தகோஸ்தே சபைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், கை வைத்துச் செபித்திருக்கிறார்கள், குணமாகிவிட்டது. அதிலிருந்து நகை கிடையாது, குடி கிடையாது, வெள்ளைச் சட்டை. மாதா கோயிலை விட்டுச் சபைக்குப் போன எல்லாருடைய கதையும் இதுதான், ஊர் மட்டும்தான் மாறும். வில்லியனூர்ப் பக்கம் அவள் சித்தி மகனே அப்படித்தான் போனான்.

சபைக்காரனை ஞானத் தகப்பனாக நிற்கப் பங்குச் சாமியார் விடமாட்டார்.

அவள் இதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுத் தனக்கொடியிடம். தனக்கொடி மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவள். இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால்தான் முழு ஈடுபாட்டோடு இறங்கினாள். தயிர் கொடுக்கிற சாக்கில் வந்து யூஜினின் எதிரில் குந்தினாள்.

"ஏந்தம்பி, அங்க சபைதானாமே நீ?"

யூஜினுக்குச் சந்தோஷமாகிவிட்டது. தாய்லாந்து வார்த்தை ஒன்று இந்தத் தெருவரைக்கும் வந்திருக்கிறது. "சபாயா? உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"உங்கம்மாதான். நெசமா?"

"அங்க எல்லாருமே அதான்க்கா."

"எல்லாருமா?"

"ஊரே அதான். காலைல எழுந்து வந்தா மொத வார்த்த அதான். கடைக்குப் போனா அது, வேலைக்குப் போனா அது."

"மொத மொத உன்ன யாரு கூட்டினு போனது?"

கேள்வி கொஞ்சம் விநோதமாக இருந்தது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கிறாள் போலும். "நோய்தான்" என்றான்.

"அதான பாத்தேன்" என்றாள் தனக்கொடி. மனிதரை இங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோய்தான் என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை. "கை தட்டிப் பாடணுமா?"

"பாட்டெல்லாம் இல்லக்கா. கையக் கும்புட்டுச் சொன்னா போதும்."

"சுளுவாத்தான் இருக்குது" என்று எழுந்து நேரே சமையலறைக்குப் போனாள். யூஜினுக்கு உள்ளே கேட்கவில்லை. கேட்டிருந்தால் "யக்கா, ஊரே சபையாம்" என்பது கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் அவனுக்குப் புதிராக இருந்தது. அம்மா ஒரு செபமாலையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். "கண்ணி சிக்கிக்கிச்சு, எடுத்துக் குடு" என்றாள். சிக்கே இல்லை. அவன் தொடுகிறானா என்று கதவோரம் நின்று பார்த்தாள். மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னாள். தீப்பெட்டியில் குச்சி இல்லாததால் அவன் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். வெரோனிகா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விஷயம் கேள்விப்பட்டு, தைத்த சட்டைப் பொட்டலத்தோடு வந்த கிளாட்சன் அவனை மேலும் கீழும் பார்த்து, சபைக்காரர்கள் சொல்கிற மாதிரி, "ஸ்தோத்திரம், மச்சான்" என்றான்.

"இன்னா?"

"சும்மா சொன்னேன். எதுக்கும் நான் ரெடியாத்தான் இருக்கேன்."

ரோஸ்லின் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ண்ணே, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றாள். எதைச் சொல்லியிருக்கலாம் என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான். அவன் யோசிக்க ஆரம்பித்தால் சட்டென்று முடியாது. அதற்குள் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முதுகைப் பார்த்தபோது அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. தெரியாமல் என்னவோ செய்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை கை நழுவுகிறது.

சனிக்கிழமை மாலை சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் முந்தின நாள் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். வெரோனிகா, குழந்தையோடு ரோஸ்லின், யூஜின். கூப்பிடாமல் வந்தவன் கிளாட்சன், புதுச் சட்டையோடு.

சாமியார் நடுவயதுக்காரர். அங்கியின் கையை மடித்துவிட்டு மேசைமேல் இருந்த பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வா தம்பி. வெளிநாட்டுலேர்ந்து வந்துருக்கியாம். எப்படி இருக்கே?"

பதற்றத்தில் இருக்கிறவன் வாய் பழக்கத்துக்குத்தான் போகும். யூஜின் இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தினான்.

"சபாய், ஃபாதர்."

பூந்தொட்டியில் தண்ணீர் வழிந்தது. கிளாட்சன் தொண்டையைச் செருமினான். "நான் சொல்லல ஃபாதர்? ஒளிக்கக்கூட மாட்டேன்றாரு."

"உக்காரு தம்பி" என்றார் சாமியார் மெதுவாக. "மறைக்காம சொன்னது நல்லது. எத்தினி நாளா சபைக்குப் போற?"

அப்போதுதான் யூஜினுக்குக் காது திறந்தது. சபாய். சபை. மொட்டைமாடி, தனக்கொடி, தயிர், தங்கையின் முதுகு என்று நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. அந்த அமைதி முழுவதும் அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இன்னும் தப்பாகப் போயிற்று.

"சிரிக்கிறான் சாமி" என்று வெரோனிகா அழ ஆரம்பித்தாள். "அப்படித்தான் எங்க சித்தி மவனும் சிரிப்பான். அப்பா போட்ட செயின நோய்க்குக் குடுத்துட்டு..."

"விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்லுங்க ஃபாதர்" என்றான் கிளாட்சன். "சபைக்காரங்களுக்கு மறந்திருக்கும்."

யூஜின் எழுந்து நின்று சொன்னான். சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் பிரம்புக்குப் பயந்து படித்தது, ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. கடைசிப் பகுதிக்கு வந்து, பரிசுத்த கத்தோலிக்கத் திருச்சபையை என்று அவன் சொன்னதும் கிளாட்சன் பாதி எழுந்துவிட்டான்.

"பாருங்க ஃபாதர், அதுலயும் சபைய நுழைக்கிறாரு. திரு அவைன்னுதானே வரும்?"

சாமியார் முதல்முறையாகச் சிரித்தார். "அது பழைய செபம்பா. முன்னல்லாம் திருச்சபைன்னுதான் சொல்வோம். அப்புறந்தான் திரு அவைன்னு மாத்துனாங்க. ஒனக்குத் தெரியாது, நீ பூசைக்கு வர ஆரம்பிச்சதே போன வருஷம்."

கிளாட்சன் உட்கார்ந்தான். யூஜினும் உட்கார்ந்தான். விளக்கம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பேசாமல் போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டு மேசைமேல் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தான்.

திரையில் முதலில் அண்டாவின் ஆவி தெரிந்தது. பிறகு பா நோயின் அகன்ற முகம். அந்த முகம் சாமியாரையும் அவருடைய அங்கியையும் பார்த்தது. அடுத்த கணம் காணாமல் போயிற்று. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"எங்க போயிட்டாங்க?" என்றார் சாமியார்.

"தரையில உக்காந்துட்டாங்க ஃபாதர். சாமியாருங்களவிட உசரத்துல உக்காரக் கூடாது அங்க."

"எழுந்துக்கச் சொல்லுப்பா, பாவம்."

யூஜின் சொன்னான். உச்சிக் கொண்டை, நெற்றி, கூப்பிய கைகள் என்று பா நோய் மெல்லத் திரையில் உதயமானார். கைகளுக்குப் பின்னால் கழுத்தில் யூஜினின் சங்கிலி. சிலுவைக்குப் பக்கத்திலேயே, அவருடைய சொந்தச் சங்கிலியில், கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு புத்தர்.

"இவங்கதான்மா நோய்" என்றான் யூஜின். "நான் குடியிருக்கிற வூட்டுக்காரம்மா."

வெரோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பேரா?"

"பேரு."

"வேற பேரே கெடைக்கலியா பெத்தவங்களுக்கு?"

பா நோய் அந்த அழுத முகத்தைப் பார்த்ததும் கவலையோடு போனை நெருக்கிப் பிடித்தார். அம்மாவை அங்கே 'மே' என்பார்கள். "மே, சபாய் தீ மாய் கா?"

"சபைக்கெல்லாம் நாங்க போறதில்லமா" என்றாள் வெரோனிகா கண்டிப்பாக. "பரம்பர பரம்பரையா கோயில்தான்."

"அம்மா சுகம்னு சொல்றாங்க" என்று யூஜின் தாய்லாந்து மொழியில் சொன்னான். பிறகு தமிழில் திரும்பி, எல்லாருக்கும் பொதுவாக, "சபாய்னா சுகம். அவ்ளோதான்" என்றான். ஒரு வாரமாக அந்த வீட்டில் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பா நோய் சங்கிலியைத் தூக்கிக் காட்டி என்னவோ படபடவென்று சொன்னார். "கொக்கிய மாத்திட்டாங்களாம். திருடு போயிடும்னு கழுத்துலயே போட்டுனு தூங்குறாங்களாம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ, எனக்குத் தூக்கமே இல்லன்றாங்க."

"பக்கத்துல அது யாருடா?"

"புத்தர்மா."

வெரோனிகா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேசாமலிருக்கும் பழக்கம் யூஜினுக்கு எங்கிருந்து வந்தது என்று சாமியாருக்கு அப்போது புரிந்திருக்கும். கடைசியில் அவள் சொன்னாள்: "சரி. ரெண்டு பேருமா பாத்துக்கட்டும்."

ரோஸ்லின் எழுந்து வந்து, தூங்குகிற குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள். கிளாட்சன் புதுச் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கினான்.

"நேரத்துக்கு வந்துடுங்க" என்றார் சாமியார், வாசல்வரை வந்து. "தம்பி, புதுச் செபத்த ஒருதரம் பாத்துனு வா. பக்கத்துல நிக்கிறவங்க பயந்துக்கப் போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை யூஜின் திரு அவை என்பதைப் பாம்புப் புற்றைத் தாண்டுகிறவன் மாதிரி கவனமாகத் தாண்டினான். மரிய சுகந்தி என்று பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அலறிக்கொண்டு அவன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சேரும்வரை விடவில்லை.

வீட்டு வாசலில் பந்தல். நாற்காலி நிறையக் கிடந்தது, ஆனால் அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "ண்ணே, இன்னா வேடிக்க பாத்துனு நிக்கிற? கிளாட்சன் ஒண்டியா எப்படித் தூக்குவாரு, அண்டாவப் புடி" என்றாள் ரோஸ்லின். "யூஜினு, மோட்டாரப் போடுடா, கை கழுவத் தண்ணி இல்ல" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். பிரியாணி அண்டா முழங்கையைச் சுட்டது. கிளாட்சன் எதிர்ப்பக்கம் பிடித்தபடி, "பாத்து, மச்சான், உம் பக்கம் சாயுது" என்றான். சுடுகிற அண்டாவோடு பந்தலுக்குள் நடக்கையில் யூஜினுக்கு மனம் நிறைந்திருந்தது. அதற்கு ஒரு வார்த்தை இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் அதைச் சொல்லாமல் விட்டான்.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் அண்டாவில். அப்பளக் கூடையோடு போன வெரோனிகா பைக்குள் கைவிட்டு எடுத்தாள். திரையில் தெரிந்த முகத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள்.

"நோயம்மா, சபை, சபை. நாங்க எல்லாரும் இப்ப சபைதான்."

பந்தலின் கோடியில், பாகூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி எலும்பை இலையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் இடித்தாள்.

"பாத்தியா," என்றாள். "அம்மாளும் போயிட்டா."